இலவச டிஷ்ஷில் தமிழ் எங்கே?

கேபிளுக்கு மாசாமாசம் காசு கட்டாம டிவி பார்க்க முடியுமா?

முடியும். திருட்டு ஆப் வேண்டாம், பக்கத்து வீட்டு ஒயரில் கொக்கி போட வேண்டாம். சட்டப்படியே முடியும். ஒரு தடவை டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கி மொட்டை மாடியில் மாட்டினால் போதும், அதுக்கப்புறம் யாருக்கும் ஒரு ரூபாய் கட்ட வேண்டியதில்லை.

ஒரே ஒரு நிபந்தனைதான். உங்களுக்கு இந்தி தெரிஞ்சிருக்கணும்.

கோபம் வருதா? வரட்டும். முழுசா படிச்சிட்டு அந்தக் கோபத்தை எங்கே காட்டணுமோ அங்கே காட்டுங்க.

டிடி ஃப்ரீ டிஷ் என்று ஒன்று இருப்பதே நம்ம ஊரில் நிறைய பேருக்குத் தெரியாது. 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் தொடங்கியது. நடத்துவது பிரசார் பாரதி, அதாவது தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் நடத்தும் அதே அமைப்பு. இன்றைக்கு நாடு முழுக்க 4 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இது ஓடுகிறது என்று அந்தத் துறையின் மதிப்பீடுகள் சொல்கின்றன. இந்தியாவின் மிகப் பெரிய டிடிஎச் எதுன்னு கேட்டா எல்லாரும் டாடாவையும் ஏர்டெல்லையும் சொல்வாங்க. வீடுகளின் எண்ணிக்கையில் முதலிடம் இந்த அரசாங்க டிஷ்ஷுக்குத்தான்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு ரெண்டு வரி. ஜிசாட்-15 என்ற நம்ம இஸ்ரோ செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. தமிழ்நாட்டில் இருந்து பார்த்தால் தென்கிழக்குத் திசை, நல்லா அண்ணாந்து பார்க்கிற உயரம். ரெண்டு அடி அகலத்தில் ஒரு டிஷ், கீழே ஒரு செட்-டாப் பாக்ஸ். டிஷ், பாக்ஸ், ஒயர், மாட்டுற கூலி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,000 ரூபாய்க்குள் முடிஞ்சிடும். அந்த சிக்னல் பாட்னாவிலும் பரமக்குடியிலும் மேல இருந்து விழத்தான் செய்யுது. சாட்டிலைட்டுக்கு மொழி தெரியாது. மொழியை முடிவு பண்ணுறது கீழே டெல்லியில் உட்கார்ந்திருக்கிற ஆட்கள்.

பாட்னாவில் ஒரு கூலித் தொழிலாளி இந்த டிஷ்ஷை மாட்டினால் அவருக்கு இந்தி சீரியல் உண்டு, இந்திப் படம் உண்டு, இந்திப் பாட்டு, இந்திச் செய்தி, போஜ்புரிப் படம், பக்திச் சேனல் எல்லாம் உண்டு. ரிமோட்டை அழுத்த அழுத்த அவர் மொழிதான். குடும்பத்தோட உட்கார்ந்து ராத்திரி வரைக்கும் பார்க்கலாம். அவருக்கு கேபிளே தேவையில்லை.

பரமக்குடியில் ஒரு கூலித் தொழிலாளி அதே 2,000 ரூபாய் செலவு பண்ணி அதே டிஷ்ஷை மாட்டினால்? அதே இந்தி சீரியல், அதே இந்திப் படம், அதே போஜ்புரிப் பாட்டு. நடுவுல டிடி தமிழ். அப்புறம் தேடித் தேடிப் பார்த்தா விரல் விட்டு எண்ணுற அளவுக்குக் கொஞ்சம் தமிழ். நம்ம வீடுகளில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஓடுற சன், விஜய், ஜீ தமிழ் எதுவும் அதில் இல்லை. மூணாவது நாள் அந்த வீட்டு அம்மா கேபிள்காரருக்கு போன் போட்டுக் கூப்பிட்டுடுவாங்க. டிஷ் மாடியில் துணி காயப் போட உதவும்.

தொழில்நுட்பமும் வரிப்பணமும் ரெண்டு பேருக்கும் பொது. அதில் ஒருத்தருக்கு மட்டும் இலவசம், இன்னொருத்தருக்கு மாச பில்.

பரமக்குடியைச் சும்மா இழுக்கலை. 2023 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை 'பைண்ட்' என்ற திட்டத்துக்கு 2,539.61 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஒலிபரப்புக் கட்டமைப்பை மேம்படுத்துறதுக்காம். அதில் ஒரு பகுதி, தொலைதூர, பழங்குடி, எல்லைப் பகுதிகளிலும் 'முன்னேற விழையும் மாவட்டங்களிலும்' 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃப்ரீ டிஷ் பாக்ஸ்களை இலவசமாகக் கொடுப்பது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருக்கிற மாவட்டங்கள் ரெண்டு: ராமநாதபுரம், விருதுநகர். சரி, ராமநாதபுரத்துல ஒரு மீனவர் வீட்டுக்கு அந்த பாக்ஸ் வந்து சேர்ந்தால் அவர் அதில் என்னத்தைப் பார்க்கிறது? பெட்டியைக் கொடுக்கிறவங்க அதுக்குள்ள அவர் மொழி இருக்கான்னு பார்க்க வேண்டாமா?

இலவசம் கொடுத்தால் 'ரேவடி' என்று 2022 ஜூலையில் கேலி பேசினவர் நம்ம பிரதமர். ஃப்ரீ டிஷ்ஷுக்குப் பெயரிலேயே 'ஃப்ரீ' இருக்கு, அதை மட்டும் 'ரேவடி'ன்னு சொல்லலை. ஏன்னா அது யார் வீட்டுக்குப் போகுதுன்னு அவருக்குத் தெரியும்.

கொஞ்சம் பின்னாடி போவோம். நம்ம அப்பா அம்மா காலத்துல டிவின்னா ஆன்டெனாதான். 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அப்புறம் கொடைக்கானல் மலை மேல நின்ன டிரான்ஸ்மிட்டர் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமெல்லாம் படம் கொடுத்தது. ஒருத்தர் மாடியில் நின்னு ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து ஒருத்தர் "வந்துடுச்சு, வந்துடுச்சு, அய்யோ போச்சு"ன்னு கத்த, வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெருவே ஒரு வீட்டுல கூடும். தென்கடலோர ஊர்களில் இலங்கை ரூபவாகினியே ஆன்டெனாவில் கிடைக்கும். இதுக்கெல்லாம் மாச பில் கிடையாது. டிவிக்கு லைசென்ஸ் என்று ஒரு கட்டணம் இருந்தது, 80-களிலேயே அதையும் எடுத்துட்டாங்க.

அந்த ஆன்டெனா சேவையை என்ன செஞ்சாங்க? பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை ஒவ்வொன்றாக மூடினார்கள். முக்கியமான இடங்களில் ஒரு 50 மட்டும் இருக்கும், மிச்சம் எல்லாம் 2022 மார்ச் 31-க்குள் மூடப்படும் என்று பிரசார் பாரதியே அறிவித்தது. பழைய தொழில்நுட்பம், கரண்ட் செலவு அதிகம், அலைவரிசை வீண். எல்லாம் சரிதான், ஒத்துக்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன் அனலாக்குக்காக அழ மாட்டான். ஆனா உலகத்துல மத்த நாடுகள் அனலாக்கை மூடினப்போ அதே ஆன்டெனாவில் டிஜிட்டலைக் கொடுத்தாங்க. அமெரிக்காவில் இன்னைக்கும் ஒரு சின்ன ஆன்டெனாவை ஜன்னல்ல ஒட்டி ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் நாலையும் காசு இல்லாம பார்க்கலாம். முதலாளித்துவ நாடுன்னு நாம திட்டுற நாடு அது. இங்கே சென்னை மாதிரி சில பெரிய நகரங்களில் மட்டும் டிஜிட்டல் டிரான்ஸ்மிட்டர் வச்சாங்க, அதையும் மக்களுக்குச் சொல்லவே இல்லை. மத்த ஊர்க்காரங்க எல்லாம் ஃப்ரீ டிஷ் வாங்கிக்கோங்கன்னு கையைக் காட்டிட்டாங்க.

வாங்கிக்கிறோம். தமிழ் எங்கேன்னு கேட்டாத்தான் பதில் இல்லை.

சரி, கேபிளுக்கு வருவோம். உங்க பில்லில் என்ன இருக்குன்னு என்றைக்காவது பார்த்திருக்கீங்களா?

2019 பிப்ரவரியில் டிராய் புதுக் கட்டண முறையைக் கொண்டு வந்தது. "நீங்க பார்க்கிற சேனலுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும்" என்று விளம்பரம் போட்டாங்க. கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனா சேனலைத் தொடுறதுக்கு முன்னாடியே 'நெட்வொர்க் கட்டணம்' என்று 130 ரூபாய். அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல் ஒன்றுகூட வேண்டாம், இலவசச் சேனல் மட்டும் போதும்னு சொன்னாலும் அந்த 153.40 கட்டியாகணும். பெயர் மட்டும் இலவசச் சேனல். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 1,840 ரூபாய் 80 காசு. ஃப்ரீ டிஷ் வாங்குற மொத்தச் செலவை ஒட்டி வந்துடுச்சு பாருங்க, அதுவும் நீங்க விரும்பிப் பார்க்கிற ஒரு சேனல்கூட இன்னும் உள்ளே வரலை. அதுக்கப்புறம்தான் சேனல் விலை, தொகுப்பு விலை, எல்லாத்துக்கும் மேல மறுபடி ஜிஎஸ்டி.

தொகுப்பு என்பது தனிக் கொள்ளை. உங்களுக்கு வேணும்கிற ஒரு சேனலைத் தனியா வாங்கினால் 19 ரூபாய் வரைக்கும் விலை. அதோட நீங்க வாழ்நாளில் திருப்பாத பத்துச் சேனலைச் சேர்த்துக் கட்டினால் "தள்ளுபடி". கூட்டிக் கழிச்சுப் பார்த்தா தொகுப்புதான் லாபம்னு தோணும்படியே விலை வச்சிருப்பாங்க. 'விருப்பம் உங்கள் கையில்'னு சொல்லிட்டு விருப்பத்தைத் தண்டிக்கிற ஏற்பாடு.

2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் டிராய் எடுத்துவிட்டது. 200 சேனல் வரை 130, அதுக்கு மேல 160 என்று இருந்த வரம்பு போச்சு. இனி எவ்வளவு வாங்கணும்னு விநியோக நிறுவனங்களே முடிவு பண்ணிக்கலாம். இதை எத்தனை நியூஸ் சேனல் விவாதம் வச்சது? அவங்க வைக்க மாட்டாங்க. அவங்க சோறே அதில்தான்.

தெருவில் வசூலுக்கு வர்ற கேபிள் ஆபரேட்டர் அண்ணன்கிட்ட இதுக்காகச் சண்டை போடாதீங்க. "மேல இருந்து ஏத்திட்டாங்க"ன்னு அவர் சொல்றது உண்மை. மழையில் கம்பம் ஏறி ஒயர் கட்டுறவர் அவர். விலையை அவர் வைக்கலை.

இந்தப் பணம் உங்களுக்கும் எனக்கும் ஒரு வேளை பிரியாணிக் காசா இருக்கலாம். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை மாசம் 1,200 ரூபாய். தனியா வாழுற ஒரு பாட்டி அதில் 250 ரூபாயைக் கேபிளுக்குக் கொடுத்தால் வருமானத்தில் அஞ்சில் ஒரு பங்கு போச்சு. "டிவி இல்லாம இருக்க வேண்டியதுதானே"ன்னு சொல்ற புண்ணியவான்கள் உண்டு. பகல் முழுக்க நாலு சுவத்துக்குள்ள பேச ஆள் இல்லாம இருக்கிறவங்களுக்கு அந்தப் பெட்டிதான் மனுஷக் குரல். புயல் வருதுன்னு சொல்றதும் அதுதான், ரேஷன் கடை எப்போ திறக்கும்னு சொல்றதும் அதுதான்.

"இப்பல்லாம் யூடியூபிலேயே எல்லாம் வருதே, எதுக்கு டிவி?" இது அடுத்த கேள்வி. கேட்கிறவர் வீட்டில் வைஃபை இருக்கும். தந்தி டிவி, புதிய தலைமுறை எல்லாம் யூடியூபில் நேரலை தருவது உண்மைதான். ஆனா அதுக்கு டேட்டா வேணும். 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூணும் ஒரே வாரத்தில் ரீசார்ஜ் விலையை ஏத்தினது மறந்துபோச்சா? கேபிள் பில்லில் இருந்து தப்பிச்சு ரீசார்ஜ் பில்லில் விழுறது இலவசம் ஆகாது. அஞ்சு பேர் இருக்கிற வீட்டில் ஆறு இஞ்ச் செல்போனைச் சுத்தி உட்கார்ந்து படம் பார்க்கவும் முடியாது. பிரசார் பாரதியே 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்று ஒரு ஓடிடி இறக்கினாங்க. நல்லது. ஆனா கம்பம் மலையடிவாரத்தில் டவர் கிடைக்காத ஊருக்கு மேல இருந்து விழுற சிக்னல்தான் உதவும்.

இப்போ சட்டத்துக்கு வருவோம், ஏன்னா விவகாரத்தின் வேர் அங்கேதான் இருக்கு.

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் நடந்த வழக்கு. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமைக்காக ஆரம்பிச்ச சண்டை, ஆனா தீர்ப்பு கிரிக்கெட்டைத் தாண்டிப் போச்சு. அலைவரிசை என்பது பொதுச் சொத்து, அதை மக்களின் நன்மைக்காகத்தான் பயன்படுத்தணும், அரசாங்கத்தின் ஏகபோகமாகவும் இருக்கக் கூடாது, தனியாரின் ஏகபோகமாகவும் ஆகக் கூடாது என்பதுதான் அதன் சாரம். பொதுச் சொத்து என்றால் எட்டுக் கோடித் தமிழர்களுக்கும் அதில் பங்கு இருக்கா இல்லையா? ஒரு ஊர்ப் பொதுக் கிணத்துல ஒரு தெருவுக்கு மட்டும் வாளியைக் கொடுத்துட்டு, இன்னொரு தெருவைப் பார்த்து "நீங்க தண்ணி லாரிக்குக் காசு கொடுத்து வாங்கிக்கோங்க"ன்னு சொன்னா ஊர் ஏத்துக்குமா?

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. அரசியலமைப்பில் ஒலிபரப்பு என்பது ஒன்றியப் பட்டியலில் இருக்கு. மாநில அரசு நினைச்சாலும் ஒரு டிடிஎச் தொடங்க முடியாது. 2022 அக்டோபரில் ஒன்றிய அமைச்சகம் ஒரு படி மேலே போய், மாநில அரசுகள் ஒளிபரப்பிலும் அதை விநியோகிப்பதிலும் இறங்கவே கூடாது, ஏற்கெனவே செய்றவங்க 2023 டிசம்பர் 31-க்குள் விலகணும், எதுவானாலும் பிரசார் பாரதி வழியாகச் செய்யுங்கள் என்று அறிவுறுத்தல் அனுப்பியது. அது யாரைக் குறி வச்சதுன்னு புரியுதா? தமிழ்நாட்டின் அரசு கேபிளையும், 2019-இல் தொடங்கின கல்வித் தொலைக்காட்சியையும்தான் நேராத் தொடுது. கொரோனா காலத்தில் ஸ்மார்ட்போன் இல்லாத பிள்ளைகளுக்குப் பாடம் கொண்டு போன சேனல் கல்வித் தொலைக்காட்சி.

அவங்க வாதத்தையே எடுத்துப்போம். மாநிலம் செய்யக் கூடாது, எல்லாம் பிரசார் பாரதி வழியா வரணும். சரிங்க ஐயா. அப்போ அந்தப் பிரசார் பாரதிக்குள்ள தமிழுக்கு எவ்வளவு இடம் வச்சிருக்கீங்க? நாங்களே செய்யவும் விட மாட்டீங்க, நீங்களும் செய்ய மாட்டீங்க. இதுக்குப் பேரு என்ன?

அவங்க செஞ்சதைச் சொல்லாம விடக் கூடாது. 2024 ஜனவரியில் பிரதமரே சென்னைக்கு வந்து 'பொதிகை' என்ற அழகான பெயரை எடுத்துட்டு 'டிடி தமிழ்'னு புதுப் பலகை மாட்டினார். அதே வருஷம் அக்டோபரில் சென்னைத் தொலைக்காட்சி நிலையத்துக்குள்ளேயே இந்தி மாத நிறைவு விழா நடந்தது, ஆளுநர் முன்னிலையில். அங்கே பாடின தமிழ்த்தாய் வாழ்த்தில் ஒரு வரி காணாமப் போனது, அப்புறம் வருத்தம் தெரிவிச்சது எல்லாம் நீங்க பார்த்ததுதான். தமிழுக்கு என்று இருக்கிற இலவச அரசுச் சேனலின் வீட்டுக்குள்ள கொண்டாடினது இந்தி மாதம். தனியா உதாரணம் தேட வேண்டியதே இல்லை.

"ஃப்ரீ டிஷ்ஷில் இடம் ஏலத்துல விடுறோம், தமிழ்ச் சேனல்களும் வந்து எடுத்துக்கலாமே, யார் தடுத்தா?" இது அந்தப் பக்கம் இருந்து வர்ற வாதம். பாதி உண்மை, அதனால் கொஞ்சம் நின்னு பதில் சொல்லணும்.

ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்கள் இலவசமா வர்றதில்லை. பிரசார் பாரதிக்குக் காசு கட்டி இடம் பிடிக்கிறாங்க, விளம்பரத்தில் சம்பாதிக்கிறாங்க. மொழி, வகை பார்த்துக் கூடை கூடையாப் பிரிச்சு மின்னணு ஏலம் நடக்கும். இந்தி பொழுதுபோக்குதான் மேல் கூடை, பிராந்திய மொழிகளுக்கு ஒரு கூடை. இந்த ஏலத்தில் பிரசார் பாரதிக்கு வருஷத்துக்குப் பல நூறு கோடி ரூபாய் வருது. இந்திப் பக்கம் கோடிக்கணக்கான வீடு இருக்கிற சந்தை. அதனால் பெரிய குழுமங்களே ஸ்டார் உத்சவ், ஜீ அன்மோல், சோனி பல் என்று பழைய சீரியலை ஓட்டத் தனிச் சேனல் வச்சிருந்தாங்க. 2022 ஏப்ரலில் விலகினாங்க, அதுக்கு முன்னாடி 2019-இல் ஒரு தடவை விலகித் திரும்பி வந்தாங்க. அந்த இடத்துல 'தங்கல்' மாதிரிச் சேனல்கள் ஃப்ரீ டிஷ்ஷை வச்சே பெரிய ஆளாச்சு.

தமிழில் எந்தப் பெரிய குழுமமும் அப்படி ஒரு சேனலை இறக்கி நான் பார்த்ததில்லை. ஏன் இறக்கணும்? இங்கே வீட்டுக்கு வீடு கேபிள் இருக்கு, சேனலுக்கு 19 ரூபாய் வரை வாங்கலாம். 2024 ஜூலையில் டிராய் இன்னொரு விதியும் போட்டது: ஃப்ரீ டிஷ்ஷில் இலவசமா வர்ற சேனல் மத்த எல்லா இடத்திலும் இலவசமாத்தான் இருக்கணும். விதி நியாயமானதுதான். ஆனா அதுக்கப்புறம் எந்தத் தமிழ் முதலாளி தன் கட்டணச் சேனலை அங்கே கொண்டு போவான்? ஆக, தமிழ்ச் சேனல் இல்லாததால் தமிழ்நாட்டில் ஃப்ரீ டிஷ் வாங்க ஆள் இல்லை. வாங்க ஆள் இல்லாததால் தமிழ்ச் சேனல் வரலை. சந்தையை நம்பி உட்கார்ந்தால் இந்தச் சுழல் இன்னும் இருபது வருஷம் ஓடும். இதை உடைக்கத்தானே அரசாங்க ஒளிபரப்பு என்று ஒன்று இருக்கு? ஏலத்தில் வர்ற நூறு நூறு கோடியில் ஒரு பங்கை எடுத்துத் தமிழுக்கு ஒரு முழுநேரச் செய்திச் சேனல், ஒரு படச் சேனல், ஒரு சிறுவர் சேனல் போட எவ்வளவு ஆகும்? கல்வித் தொலைக்காட்சிக்கு ஒரு இடம் ஒதுக்க எந்த ஏலம் வேணும்? எம்பெக்-4 முறையில் பழைய எம்பெக்-2-ஐ விட ஏறக்குறைய இரண்டு மடங்கு சேனலை அதே அலைவரிசையில் அடைக்கலாம். இடமில்லைங்கிற சாக்கும் செல்லாது.

இந்தக் கணக்கில் நம்ம ஊர் ஆட்சியாளர்களுக்கும் பங்கு உண்டு, அதைச் சொல்லாம டெல்லியை மட்டும் திட்டினால் நேர்மை இல்லை. 2006-இல் தொடங்கி ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இலவச கலர் டிவி கொடுத்தாங்க. பெட்டி இலவசம், பார்க்கிறதுக்கு மாசாமாசம் கட்டணம். அந்தப் பெட்டி யாருக்குச் சந்தையைப் பெரிசாக்கிக் கொடுத்ததுன்னு ஊருக்கே தெரியும். 2011-இல் அடுத்து வந்தவங்க அரசு கேபிளை 70 ரூபாய்க்குக் கொடுத்தாங்க, அது மக்களுக்கு உண்மையிலேயே உதவினது. ஆனா டிஜிட்டலுக்கு மாறி, டிராய் கட்டணம் வந்து, அந்த 70 ரூபாய் இன்னைக்கு எங்கே போச்சு? ரெண்டு பேருமே "ஃப்ரீ டிஷ்ஷில் தமிழுக்கு இடம் கொடு"ன்னு ஒரு போராட்டம் நடத்தினது இல்லை. தமிழ் தமிழ்னு மேடையில் பேசுறவங்களுக்கு இது ஒரு மொழிப் பிரச்சினையாவே தெரியலை.

முடியாத காரியத்தை நாம கேட்கலை. 2023-இல் இந்திய அணி வெஸ்ட் இண்டீஸ் போனப்போ தூர்தர்ஷன் பொதிகையில் தமிழ் வர்ணனையோட ஆட்டத்தைப் போட்டாங்க. மனசு வச்சா முடியுதுல்ல? 2007-இல் வந்த ஒரு சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் சிக்னலைத் தனியார் சேனல் பிரசார் பாரதியோட பகிர்ந்துக்கணும். 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்த சிக்னல் தூர்தர்ஷனின் சொந்த டிரான்ஸ்மிட்டருக்கும் சொந்த டிடிஎச்சுக்கும் மட்டும்தான், தனியார் கேபிள் வழியா போகக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. டிரான்ஸ்மிட்டரை மூடிட்டாங்க, மிச்சம் ஃப்ரீ டிஷ் மட்டும்தான். ஆக, இந்தியா ஆடுற மேட்சைச் சட்டப்படி காசு இல்லாம வீட்டு டிவியில் பார்க்க ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு இருக்கிற வழியும் அந்த ஒரு டிஷ்தான். அதில் தமிழ் வர்ணனை என்றைக்கோ ஒரு நாள் விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போகுது.

ஒரு எச்சரிக்கை, இது அரசியல் இல்லை. "எல்லாச் சேனலும் இலவசம்"னு வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுத்துற ஏபிகே ஃபைல்களை இறக்காதீங்க. அது சட்ட விரோதம் என்பது ஒரு பக்கம். நிறைய ஆப் உங்க எஸ்எம்எஸ்ஸைப் படிக்க அனுமதி கேட்கும், நீங்க சரின்னு அழுத்தினால் வங்கி ஓடிபி நேரா அவன் கைக்குப் போகும். டிவி ஆப் எதுக்கு எஸ்எம்எஸ்ஸைப் படிக்கணும்? அப்பா அம்மா போன்ல இருந்தா இன்னைக்கே எடுத்துப் போட்டுடுங்க. 250 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் மொத்த சேமிப்பையும் கொடுத்துட்டு நிக்க வேண்டாம்.

புது டிவி வாங்குறவங்க கடையில் ஒண்ணு கேளுங்க. ஐஎஸ் 18112 என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஒரு தரம் வகுத்திருக்கு. சாட்டிலைட் டியூனர் டிவிக்குள்ளேயே இருக்கும், தனி பாக்ஸ் இல்லாமலே ஃப்ரீ டிஷ் எடுக்கலாம். டிஷ் மட்டும் மாட்டினால் போதும். நாளைக்குத் தமிழ் வந்தால் அந்த டிவி உபயோகப்படும். கேபிளை வச்சிருக்கிறவங்க உங்க ஆபரேட்டர்கிட்ட சேனல் வாரியா பில் கேளுங்க, பார்க்காத தொகுப்பை எடுத்துவிடச் சொல்லுங்க. தனித்தனியா தேர்ந்தெடுக்கிறது உங்க உரிமை.

நம்ம தகவல் தொழில்நுட்ப அணி சார்பா பிரசார் பாரதிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுறோம். நீங்களும் போடலாம். கட்டணம் 10 ரூபாய், ஆன்லைனிலேயே முடிஞ்சிடும், தமிழ்நாட்டில் எந்த ஊரில் இருந்தும் அனுப்பலாம். கேட்க வேண்டியது நாலே கேள்வி. ஃப்ரீ டிஷ்ஷில் இன்றைய தேதியில் மொழி வாரியா எத்தனை சேனல்? கடந்த அஞ்சு வருஷ ஏலத்தில் வந்த தொகை எவ்வளவு, அதில் தமிழ் நிகழ்ச்சிகளுக்குச் செலவு பண்ணினது எவ்வளவு? 'பைண்ட்' திட்டத்தில் ராமநாதபுரத்துக்கும் விருதுநகருக்கும் எத்தனை பாக்ஸ் கொடுத்தீங்க? கல்வித் தொலைக்காட்சிக்கு ஃப்ரீ டிஷ்ஷில் இடம் உண்டா, இல்லைன்னா ஏன்? முப்பது நாளில் பதில் வரணும். வந்த பதிலை அப்படியே போட்டோ எடுத்து, உங்க முகவரியை மறைச்சிட்டு, இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்க. மாவட்ட வாரியா தொகுத்து நம்ம நாடாளுமன்ற உறுப்பினர்கள் கையில் கொடுக்கிறது எங்க வேலை.

#இலவசடிஷ்ஷில்_தமிழ்எங்கே
#வானம்_பொதுச்சொத்து

தகவல் தொழில்நுட்ப அணி